தயாரிப்பாளரான பார்வையாளர்: ஜான் ஆபிரகாமின் திரைவாழ்வும் ஒடேசா இயக்கமும் (1972–1987)

ஆய்வுச் சுருக்கம்

மலையாளத்திலும் தமிழிலும் இயங்கிய திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாம் (1937–1987) முழுநீளக் கதைப்படங்கள் நான்கினை மட்டுமே உருவாக்கினார். அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவரது நாடோடி வாழ்வையும் அகால மரணத்தையும் மையப்படுத்துகின்றன. இக்கட்டுரை, படத்திற்கும் பார்வையாளருக்கும் இடையே நிலவிய பொருளியல் உறவு என்னும் நோக்கில் அவரது திரைவாழ்வை வாசிக்கிறது. தேசிய விருது பெற்றும் தமிழ்ப் பார்வையாளரைச் சென்றடையாத ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எழுப்பிய சிக்கலுக்கு, மக்களிடம் பணம் திரட்டி உருவாக்கப்பட்ட ‘அம்ம அறியான்’ (1986) ஒரு விடையாக அமைந்தது என்பதும், அவ்விடை அப்படத்தின் கதைகூறும் வடிவத்திலும் பதிவாகியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: ஜான் ஆபிரகாம், சுயாதீனத் திரைப்படம், ஒடேசா, அக்ரஹாரத்தில் கழுதை, அம்ம அறியான், திரைப்பட விநியோகம், மக்கள் சினிமா.

முன்னுரை

‘சுயாதீனத் திரைப்படம்’ என்னும் சொல் இன்று தளர்வான பொருளில் ஆளப்படுகிறது. நட்சத்திர நடிகர் இல்லாத படம், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம், திரைப்பட விழாக்களை நோக்கி எடுக்கப்பட்ட படம் ஆகிய அனைத்தும் அச்சொல்லுக்குள் அடங்குகின்றன. எதிலிருந்து விடுதலை என்னும் வினா பல வேளைகளில் எழுப்பப்படுவதில்லை. முதலீட்டாளரின் பிடியிலிருந்து விடுபட்ட படம் அரசு நிதியைச் சார்ந்திருக்கலாம். அரசு நிதியையும் சாராத படம் திரையரங்க வலையமைப்பைக் கடக்க இயலாமல் பெட்டிக்குள் கிடக்கலாம். எனவே, சுயாதீனம் என்பதைத் தயாரிப்பு, விநியோகம், திரையிடல் ஆகிய மூன்று நிலைகளிலும் தனித்தனியே சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

இச்சோதனைக்கு ஜான் ஆபிரகாமின் திரைவாழ்வு மிகப் பொருத்தமான களமாகும். பதினைந்து ஆண்டுகளுக்குள் அடங்கும் அவரது பணி, வணிகத் திரைப்படத்தின் விளிம்பில் தொடங்கி, விருது பெறும் கலைப்படமாக வளர்ந்து, இறுதியில் இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது வழியொன்றைக் கண்டடைந்தது. அவ்வழியின் தோற்றத்தையும் இயல்பையும் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பயிற்சிக் களமும் காலச்சூழலும்

கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியைச் சேர்ந்த ஜான் ஆபிரகாம், ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணியைத் துறந்து பூனே திரைப்பட நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலப்பகுதியில் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் அங்கு ஆசிரியராகவும் துணை முதல்வராகவும் குறுகிய காலம் பணியாற்றினார். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகிய மூவரும் கட்டக்கின் மாணவர்களாகப் பின்னாளில் அறியப்பட்டனர். மணி கௌல் இயக்கிய ‘உஸ்கி ரோட்டி’ (1969) படத்தில் ஜான் உதவியாளராகப் பணியாற்றினார்.

கட்டக்கின் மாணவர்கள் மூவரும் ஒரே பாதையில் செல்லவில்லை. கௌலும் சஹானியும் திரைமொழியின் வடிவச் சோதனைகளில் ஆழ்ந்தனர். நாட்டார் கலை, மக்கள் நாடகம், அரசியல் ஆகியவற்றின் வழியே பெருந்திரளான மக்களிடம் பேச விழைந்த கட்டக்கின் மற்றொரு முகமே ஜானை ஈர்த்தது எனலாம். கட்டக் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் இயங்கியவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஜான் பின்னாளில் தெருநாடகத்தையும் பறையொலியையும் திரைப்படத் தயாரிப்பின் கருவிகளாகக் கொண்டமைக்கு இம்மரபில் வேர் உண்டு.

கலைப்படங்களுக்கு அன்று திறந்திருந்த முதன்மையான வாயில், 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திரைப்பட நிதிக் கழகம் ஆகும். மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ (1969), மேற்சுட்டிய ‘உஸ்கி ரோட்டி’ ஆகியவை அதன் நிதியுதவியால் உருவாயின. கேரளத்தில் 1965இல் தோன்றிய சித்ரலேகா திரைப்படச் சங்கமும் அதைத் தொடர்ந்த கூட்டுறவு அமைப்பும் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’ (1972) உருவாக வழிவகுத்தன. அப்படத்திற்கும் நிதிக் கழகத்தின் கடன் கிடைத்தது. சங்கம், கூட்டுறவு, அரசுக் கடன் என்னும் இம்முக்கூட்டு கேரளத்தின் புதிய சினிமாவுக்கு உறுதியான அடித்தளமாயிற்று. ‘சுயம்வரம்’ வெளியான அதே ஆண்டில் முதல் படத்தை வெளியிட்ட ஜான், இவ்வடித்தளத்திற்கு வெளியே நின்றார் என்பது கருதத்தக்கது.

முதல் படம்: உடைந்த சிலையும் திரட்டிய பணமும்

‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ (1972) மது, ஜெயபாரதி, அடூர் பாசி முதலிய அறியப்பட்ட நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. எம். பி. சீனிவாசன் இசையமைத்தார். விளையாட்டின்போது பள்ளியிலுள்ள சிலையொன்றை உடைத்துவிடும் மாணவர்கள், அதனைச் சீரமைப்பதற்கான பணத்தைத் திரட்ட முனைவதே இதன் கதைக்கரு. வணிக வெற்றியையோ பெரும் பாராட்டையோ இப்படம் பெறவில்லை; ஜானைப் பற்றிய எழுத்துகளிலும் இது பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது.

எனினும் இரண்டு காரணங்களால் இப்படம் கவனத்திற்குரியது. முதலாவது, ஏதுமற்றவர்கள் கூடி, சிறுதொகைகளாகப் பணம் சேர்த்தல் என்னும் கருப்பொருள், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவரது தயாரிப்பு முறையாகவே உருவெடுக்கிறது. இதனை முன்கூட்டிய திட்டம் எனக் கொள்ள இயலாது. ஆயினும் அவரது கற்பனையில் இக்கருத்து தொடக்கம் முதலே இடம்பெற்றிருந்தது எனக் கூறுவதற்கு இப்படமே சான்று. இரண்டாவது, நட்சத்திர நடிகர்களின் துணையோடு வணிக விநியோகத்தின் வழியே தம் குரலை ஒலிக்கச் செய்ய இயலுமா என்னும் சோதனையை ஜான் இங்குச் செய்து பார்த்தார். அச்சோதனையை அதே முறையில் அவர் தொடரவில்லை.

அக்ரஹாரத்தில் கழுதை: விருதும் வெற்றரங்கும்

ஜானின் இரண்டாவது படம் தமிழில் உருவாயிற்று. ‘அக்ரஹாரத்தில் கழுதை’யின் திரைக்கதையைத் திறனாய்வாளர் வெங்கட் சாமிநாதன் எழுதினார். ராமச்சந்திர பாபு ஒளிப்பதிவு செய்தார். முதல் படத்தின் இசையமைப்பாளரான எம். பி. சீனிவாசன் இதில் பேராசிரியர் நாராயணசாமி என்னும் முதன்மைப் பாத்திரத்தை ஏற்றார்.

தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்று பேராசிரியரின் வீட்டில் அடைக்கலம் புகுகிறது. கல்லூரியில் எழும் ஏளனத்தின் காரணமாக அவர் அதனைத் தம் ஊரிலுள்ள அக்கிரகாரத்திற்குக் கொண்டு சென்று, உமா என்னும் வாய்பேசாப் பெண்ணின் பொறுப்பில் விடுகிறார். ஊரில் நிகழும் தீங்குகள் யாவும் கழுதையின்மீது சுமத்தப்படுகின்றன. இறுதியில் அது கொல்லப்படுகிறது. கொலைக்குப் பின் நிகழும் சில நிகழ்வுகள் அற்புதங்களாகக் கொள்ளப்பட, கொன்றவர்களே அதனைத் தெய்வமாக்க முனைகின்றனர். படம் அக்கிரகாரத்தை அழிக்கும் தீயில் முடிகிறது. பலியிடுதலும் தெய்வமாக்குதலும் ஒரே சமூகச் செயலின் இரு பக்கங்கள் என்பதே இப்படத்தின் மையக் கருத்து. நாட்டார் தெய்வ வழக்காறுகளை ஆராய்வோருக்கு, கொலையுண்டோர் தெய்வமாகும் மரபு புதிதன்று. அம்மரபை அக்கிரகாரத்திற்குள் இடம்மாற்றி வைத்ததில்தான் இப்படத்தின் அங்கதக் கூர்மை அமைந்துள்ளது.

1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது இதற்கு வழங்கப்பட்டது. ஆனால் தமிழகத் திரையரங்குகளில் முறையான வெளியீடு வாய்க்கவில்லை. தூர்தர்ஷனில் ஒளிபரப்பப்படும் என அறிவிக்கப்பட்ட பின்னரும் எதிர்ப்பின் காரணமாக இறுதி நேரத்தில் ஒளிபரப்பு கைவிடப்பட்டது. அரசின் ஓர் அமைப்பு சிறந்த தமிழ்ப் படம் எனத் தேர்ந்த ஒன்றை, அரசின் மற்றோர் அமைப்பு தமிழ் மக்களுக்குக் காட்டத் தயங்கியது.

இதனைத் தனியொரு படத்திற்கு நேர்ந்த தீயூழாகக் கருதுவது பொருந்தாது. தமிழ்த் திரைத்துறையில் விநியோகஸ்தர்கள் பகுதிவாரியாக முன்பணம் வழங்கிப் படங்களை வாங்கும் முறை நிலைபெற்றிருந்தது. நடிகரின் பெயரை நம்பியே அம்முன்பணம் வழங்கப்பட்டது. ஆதலால் படத்தை யார் பார்ப்பது என்பதனைப் பார்வையாளருக்கு முன்னரே விநியோகஸ்தர் முடிவு செய்தார். இக்கட்டமைப்பை மீற முயன்ற முன்னோடிகள் தமிழில் உண்டு. இடதுசாரிக் கலைஞர்கள் கூடி உருவாக்கிய, நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) அவற்றுள் ஒன்று. அதற்கு இசையமைத்தவரும் எம். பி. சீனிவாசனே. ஜெயகாந்தன் எழுதி இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) மற்றொன்று. அதுவும் தேசிய அளவில் விருது பெற்றது. மூன்று படங்களும் தயாரிப்பில் விடுதலை பெற்றவை. மூன்றும் விநியோகத்தில் தடைப்பட்டவை. ‘பாதை தெரியுது பார்’, ‘அக்ரஹாரத்தில் கழுதை’ ஆகிய இரண்டையும் தம் வாழ்வில் இணைத்த எம். பி. சீனிவாசன், இத்தடையின் வரலாற்றுச் சாட்சியாகத் திகழ்கிறார்.

கைவிடப்பட்ட கதாநாயகர்: 1979

மலையாளத்திற்குத் திரும்பிய ஜான், ‘செரியாச்சன்டெ குரூர கிருத்தியங்கள்’ (1979) படத்தை இயக்கினார். ‘செரியாச்சனின் கொடுஞ்செயல்கள்’ என்பது தலைப்பின் பொருள். குட்டநாட்டு நிலவுடைமைச் சூழலில், தொழிலாளர்மீது நிகழும் வன்முறையைக் கண்டு குற்றவுணர்வாலும் அச்சத்தாலும் மனஞ்சிதையும் ஒருவரின் கதை இது. நகைச்சுவை நடிகராகவே மக்களிடம் அறிமுகமான அடூர் பாசி செரியாச்சனாக நடித்தார்.

செரியாச்சன் எக்கொடுஞ்செயலையும் நேரடியாகச் செய்தவர் அல்லர், பார்த்துக்கொண்டிருந்தவர். பார்த்தவரும் பொறுப்பாளி என்பதே அவரை வதைக்கும் எண்ணம். பார்வையாளரின் பொறுப்பு என்னும் இக்கருத்து, ஜானின் அடுத்த முயற்சிக்கு மனத்தளவிலான வாயிலாக அமைந்தது எனக் கொள்ளலாம். 1979இல் கதைப்பொருளாக நின்ற அப்பொறுப்பு, 1984இல் அமைப்பாக உருப்பெற்றது.

ஒடேசா: படத்திற்கு முன்பே பார்வையாளர்

அவசரநிலைக் காலத்துக்குப் பிந்தைய கேரளத்தில், நக்சல்பாரி அரசியலின் பண்பாட்டு வெளியாக இயங்கிய ஜனகீய சாம்ஸ்காரிக வேதி 1980களின் தொடக்கத்திலேயே சிதைந்தது. தெருநாடகத்திலும் சிற்றிதழ்களிலும் பயிற்சி பெற்ற இளைஞர் பலர் செயற்களம் இன்றி நின்றனர். இச்சூழலில்தான் 1984இல் கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு ஒடேசா என்னும் அமைப்பு தோன்றியது. ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ (1925) படத்தின் படிக்கட்டுக் காட்சியால் உலகத் திரைவரலாற்றில் நிலைபெற்ற நகரின் பெயர் அது.

ஒடேசாவின் செயல்முறை எளிமையானது. அதன் உறுப்பினர்கள் ஊர் ஊராகச் சென்று பறையடித்து மக்களைக் கூட்டினர். சிறு நாடகங்கள் நிகழ்த்தினர். சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களைத் திரையிட்டனர். எடுக்கவிருக்கும் படத்தைப் பற்றிப் பேசினர். கொடுக்க இயன்றதைக் கேட்டுப் பெற்றனர். அவ்வாறு திரண்ட பணத்தில் ‘அம்ம அறியான்’ உருவாயிற்று. படம் முடிந்தபின் நுழைவுச்சீட்டு இன்றி மீண்டும் ஊர்களில் காட்டப்பட்டது.

மக்கள் பணத்தில் எடுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் இது எனச் சிலர் குறிப்பிடுவதுண்டு. அக்கூற்று திருத்தத்திற்குரியது. குஜராத்தின் பால் உற்பத்தியாளர் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் வீதம் வழங்கிய தொகையில் ஷியாம் பெனகல் ‘மந்தன்’ (1976) படத்தை இயக்கியிருந்தார். ஆயினும் இரண்டுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு உண்டு. ‘மந்தன்’ படத்திற்கான பணம் வலுவானதொரு கூட்டுறவு அமைப்பின் வழியே வந்தது. படமும் கூட்டுறவு இயக்கத்தின் எழுச்சியையே கதையாகக் கொண்டது. முடிவுற்றபின் வழக்கமான திரையரங்குகளை அடைந்தது. ஒடேசாவின் பணமோ எந்நிறுவனத்தின் வழியாகவும் வரவில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் நேருக்கு நேர் நின்றனர். கொடுத்தவருக்கு இலாபப் பங்கோ கடனுக்கான வட்டியோ வாக்களிக்கப்படவில்லை. படத்தைக் காட்டுவோம் என்னும் உறுதி மட்டுமே வழங்கப்பட்டது.

தயாரிப்பு, விநியோகம், திரையிடல் என்னும் வரிசை இங்குத் தலைகீழாயிற்று. வணிகத் திரைப்படம் முதலில் உருவாகிப் பின்னரே பார்வையாளரைத் தேடுகிறது. ஒடேசா பார்வையாளரை முதலில் உருவாக்கிப் பின்னர்ப் படத்தை எடுத்தது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’ சந்தித்த தடை இரண்டாம் நிலையான விநியோகத்தில் இருந்தது. ஒடேசா அந்நிலையையே நீக்கிவிட்டது. இதுவே ஜான் தம் தமிழ்ப்பட அனுபவத்திலிருந்து பெற்ற பாடத்தின் செயல்வடிவம் என இக்கட்டுரை கருதுகிறது.

அம்ம அறியான்: பயணமாகிய வடிவம்

‘அம்ம அறியான்’ என்பதற்கு ‘அம்மா அறிவதற்கு’ என்பது பொருள். டெல்லிக்குப் புறப்படும் புருஷன் என்னும் இளைஞன், தவறாமல் கடிதம் எழுதுவதாகத் தன் தாய்க்கு வாக்களிக்கிறான். வயநாட்டில் மரத்தில் தூக்கிட்ட நிலையில் கிடைத்த உடலொன்றைக் காண நேர்கிறது. அவ்வுடல், காவல்துறையின் சித்திரவதைக்கு ஆளான தபேலாக் கலைஞன் ஹரியினுடையது என்பதை நண்பர்களின் வழியே அறிகிறான். ஹரியின் தாய் கொச்சியில் இருக்கிறார். அவரிடம் செய்தியைச் சொல்லப் புருஷன் தெற்கு நோக்கிப் பயணப்படுகிறான். வழியெங்கும் ஹரியை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக இணைய, ஒருவனின் பயணம் ஊர்வலமாகிறது. வீடுதோறும் ஒரு தாய் மகனை வழியனுப்புகிறாள். புருஷனாக ஜாய் மாத்யூ நடித்தார். வேணு ஒளிப்பதிவையும் பீனா பால் படத்தொகுப்பையும் மேற்கொண்டனர்.

கறுப்பு வெள்ளையில் அமைந்த இப்படத்தில், தொழிலாளர் போராட்டங்கள், மருத்துவ மாணவர்களின் கிளர்ச்சி முதலிய உண்மை நிகழ்வுகள் கதையோட்டத்துடன் பின்னப்பட்டுள்ளன. கதைப்படத்திற்கும் ஆவணப்படத்திற்கும் இடையிலான எல்லை பல இடங்களில் கரைந்துவிடுகிறது. தொழில்முறை நடிகர் அல்லாதார் பலர் தோன்றுவதும் இதற்குத் துணைசெய்கிறது.

இங்குக் குறிப்பிடத்தக்கது, கதையின் வடிவத்திற்கும் தயாரிப்பின் வடிவத்திற்கும் உள்ள ஒப்புமையாகும். ஒடேசா வீடுவீடாகச் சென்று பணத்தைத் திரட்டியது; புருஷன் வீடுவீடாகச் சென்று மனிதரைத் திரட்டுகிறான். ஒடேசாவுக்குக் கிடைத்த ஒவ்வொரு தொகையும் சிறியது, பெயரற்றது. புருஷனுடன் சேர்வோரும் அத்தகையோரே. இரண்டு பயணங்களுக்கும் இறுதி நோக்கம் ஒருவருக்கு ஒரு செய்தியை அறிவிப்பதே. பணந்திரட்டும் முறை கதையின் இலக்கணமாகவே மாறியிருப்பது இந்தியத் திரைவரலாற்றில் அரிதான நிகழ்வு. படத்தின் தளர்ந்த நடையையும் ஒரேவகைக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதையும் குறையாகக் காண்போர் உண்டு. கதவைத் தட்டுதல், செய்தி சொல்லுதல், காத்திருத்தல், சேர்ந்து நடத்தல் என்னும் அம்மீள்வரவு, படம் உருவான முறையின் தடயம் என்பதை உணர்ந்தால் அம்மதிப்பீடு மாறக்கூடும்.

எல்லைகள்

ஒடேசாவை முழுமையான மாற்றாகப் போற்றுதல் வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. இலவசத் திரையிடல் செலவழித்த பணத்தை மீட்டுத் தராது. எனவே ஒவ்வொரு படத்திற்கும் மக்களிடம் மீண்டும் புதிதாகக் கையேந்த வேண்டிய நிலை இம்முறையிலேயே அமைந்திருந்தது. உறுப்பினர்களின் ஊதியமற்ற உழைப்பு அதனைத் தாங்கி நின்றது, அவ்வுழைப்பு முடிவற்றதன்று. 1987ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கோழிக்கோட்டில் கட்டடமொன்றின் மேலிருந்து விழுந்து ஜான் மறைந்தார். ஒடேசாவின் திரையிடல் பணிகள் அதன் பின்னரும் தொடர்ந்தபோதிலும், ‘அம்ம அறியான்’ அளவிலான மற்றொரு கதைப்படம் அதனிடமிருந்து வரவில்லை. தனிமனித ஆளுமையை மையமாகக் கொண்ட கூட்டு முயற்சியின் முரண் இது.

படத்திற்குள்ளும் ஒரு முரண் உண்டு. தாய்மாரே படத்தின் மனச்சான்றாக நிற்கின்றனர். ஆனால் சாலையில் நடப்போர் இளைஞர்களே. பெண்கள் வழியனுப்புவோராகவும் செய்தி பெறுவோராகவும் அமைகின்றனர். தலைப்பே தாயை அறிபவளாக நிறுத்துகிறது, செயல்படுபவளாகக் காட்டவில்லை. அக்காலத் தீவிர இடதுசாரி அரசியலின் பொதுவான குறைபாட்டை இதில் காணலாம். ‘அக்ரஹாரத்தில் கழுதை’யின் வாய்பேசா உமாவையும் ‘அம்ம அறியான்’ படத்தின் தாய்மாரையும் ஒருசேர வைத்து நோக்கும் ஆய்வு தனியே மேற்கொள்ளத்தக்கது.

முடிவுரை

ஜான் ஆபிரகாமின் திரைவாழ்வை மேற்கூறிய நோக்கில் வாசிக்கும்போது, சுயாதீனம் என்பது அவரிடம் படிப்படியாகப் பொருள் மாறியமை புலப்படுகிறது. தொடக்கத்தில் அது வணிகக் கட்டமைப்புக்குள் கிடைக்கும் சிறு இடைவெளியாக இருந்தது. தமிழ்ப்படத்தில் அது கருத்துரிமையாக விரிந்து, பார்வையாளரை இழந்தது. ஒடேசாவில் அது பார்வையாளரைச் சார்ந்திருத்தலாக மாறியது. மக்களைச் சார்ந்திருத்தலையே விடுதலையாகக் கொண்டது அவரது பங்களிப்பின் சாரம்.

இன்று இணையவழித் திரள்நிதியில் படங்கள் உருவாகின்றன. கன்னடத்தில் பவன் குமாரின் ‘லூசியா’ (2013) இதற்கு நன்கறியப்பட்ட சான்று. ஒடேசாவை இம்முறையின் முன்னோடி எனக் குறிப்பிடும் வழக்கம் பரவிவருகிறது. பணம் பலரிடமிருந்து வந்தது என்னும் ஒற்றுமையை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. பணம் திரட்டும் செயலே படம் பார்க்கும் சமூகத்தை உருவாக்கும் செயலாகவும் அமைந்ததா என்பதே உரைகல்.

தமிழ் ஆய்வுலகிற்கு இவ்வரலாறு ஒரு கடமையையும் முன்வைக்கிறது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’ பெரும்பாலும் அதன் சாதியங்கதத்துக்காகவும் அதற்கு எழுந்த எதிர்ப்புக்காகவும் மட்டுமே பேசப்படுகிறது. ‘பாதை தெரியுது பார்’, ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆகியவற்றுடன் அதனை ஒரே வரிசையில் நிறுத்தி, தமிழில் மாற்றுப்படங்களின் விநியோக வரலாறு எழுதப்பட வேண்டும். எடுக்கப்பட்ட படங்களின் வரலாறே இதுகாறும் திரைவரலாறாக எழுதப்பட்டு வந்துள்ளது. பார்க்க முடியாமற்போன படங்களின் வரலாறும் அதன் இன்றியமையாப் பகுதி என்பதை ஜான் ஆபிரகாமின் நான்கு படங்கள் உணர்த்துகின்றன.